கிட்டார் பெட்டியே டிரம்ஸ்: எல்விஸ் பிரெஸ்லியின் 1968 டிவி ஸ்பெஷல், ஒரு நிகழ்வு ஆய்வு

1968 ஜூன் 27, மாலை 6 மணி. கலிஃபோர்னியா மாநிலம் பர்பேங்கில் என்பிசி தொலைக்காட்சியின் 4ஆம் எண் ஸ்டுடியோ. நடுவே குத்துச்சண்டை மேடை மாதிரி ஒரு சின்னச் சதுரம், நாலு பக்கமும் ரசிகர்கள். மேடையில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பவர்களில் ஒருவர் டிரம்மர். ஆனால் அவர் முன்னால் டிரம்ஸ் இல்லை. காலி கிட்டார் பெட்டி ஒன்றை இரண்டு குச்சியால் தட்டிக்கொண்டிருக்கிறார்.

இத்தனைக்கும் அந்த நிகழ்ச்சிக்கு முழு ஆர்க்கெஸ்ட்ரா, கோரஸ் பாடகர்கள், நடனக் குழு, பெரிய செட் எல்லாவற்றுக்கும் பணம் ஒதுக்கியிருந்தார்கள். எல்லாம் வந்தன, எல்லாம் ஒளிபரப்பிலும் இருக்கின்றன. ஆனால் அரை நூற்றாண்டு கழித்தும் ஜனங்கள் திரும்பத் திரும்பப் பார்ப்பது இந்தக் கிட்டார் பெட்டிப் பகுதியைத்தான். முதல் திட்டத்தில் இல்லாத ஒன்று நிகழ்ச்சியின் உயிராக மாறியது எப்படி என்பதைத்தான் இங்கே பிரித்துப் பார்க்கிறோம்.

தேவை எங்கிருந்து வந்தது

1950களில் ராக் அண்ட் ரோல் பாட்டுகளால் புகழ்பெற்ற அமெரிக்கப் பாடகர் எல்விஸுக்கு அப்போது 33 வயது. 1961 மார்ச் 25 அன்று ஹவாயின் பேர்ல் ஹார்பரில், அங்கே மூழ்கிய போர்க்கப்பல் யுஎஸ்எஸ் அரிசோனாவின் நினைவிடத்துக்கு நிதி திரட்டப் பாடியதுதான் ரசிகர்கள் முன் அவர் பாடிய கடைசி மேடை. டிவியில் கடைசியாக வந்தது 1960 மே மாதம், ஃபிராங்க் சினாட்ராவின் நிகழ்ச்சியில். இடைப்பட்ட ஆண்டுகள் முழுக்கச் சினிமா. வருஷத்துக்கு மூன்று படம், ஒவ்வொரு படத்துக்கும் ஒரு பாட்டுத் தட்டு. கதையும் பாட்டும் நீர்த்துக்கொண்டே போயின.

அமெரிக்காவில் பாட்டுகளைத் தரவரிசைப்படுத்தும் பில்போர்டு பட்டியலை 1968க்குப் பார்த்தாலே நிலைமை புரியும். 'கிட்டார் மேன்' 43ஆம் இடம். 'யு.எஸ். மேல்' 28. 'எ லிட்டில் லெஸ் கான்வர்சேஷன்' 69. 'ஸ்பீட்வே' படத்தின் இசைத்தட்டு 82ஆம் இடத்தோடு நின்றுவிட்டது. 1962க்குப் பிறகு முதலிடம் பிடித்த பாட்டு ஒன்றுகூடக் கிடையாது.

மேலாளர் டாம் பார்க்கர், ஊர் முழுக்கக் 'கர்னல்'. (ராணுவப் பதவி அல்ல, லூசியானா கவர்னர் கொடுத்த கௌரவப் பட்டம்.) இசைத்தட்டு விற்பனை சரிந்ததைவிட, தான் கேட்ட தொகையைத் தர ஹாலிவுட் தயங்கியதுதான் அவருக்குப் பெரிய கவலை. அதனால் என்பிசியோடு ஒரு சேர்ப்பு ஒப்பந்தம் போட்டார்: ஒரு சினிமாவுக்கு முதலீடு, அதோடு ஒரு மணி நேர டிவி ஸ்பெஷல் ஒன்று. ஸ்பான்சர், நம் வீடுகளில் தையல் மெஷினுக்கே மறுபெயராகிப்போன சிங்கர் நிறுவனம். நிகழ்ச்சியின் பெயரே 'சிங்கர் வழங்கும் எல்விஸ்' என்றுதான் வந்தது. டிசம்பரில் ஒளிபரப்பு என்பதால் பார்க்கரின் கணக்கு சுலபமாக இருந்தது: எல்விஸ் வந்து நின்று கிறிஸ்மஸ் பாட்டுகளைப் பாடிவிட்டு வணக்கம் சொல்லிப் போவார், செலவும் குறைவு, ஆபத்தும் இல்லை.

நிர்வாகத் தயாரிப்பாளர் பாப் ஃபிங்கெலுக்கு அது போதவில்லை. ஸ்டீவ் பைண்டர் என்ற இளம் இயக்குநரைக் கொண்டுவந்தார். பைண்டர் அப்போதுதான் ஒரு சர்ச்சையிலிருந்து வெளியே வந்திருந்தார். பிரிட்டிஷ் பாடகி பெட்டுலா கிளார்க்கின் ஸ்பெஷலில் பாட்டின் நடுவே கிளார்க் கறுப்பினப் பாடகர் ஹாரி பெலஃபான்டேயின் கையைப் பிடித்தார். ஸ்பான்சரான கார் நிறுவனத்தின் ஆள் ஆட்சேபித்தார். பைண்டர் அந்த டேக்கைத்தான் ஒளிபரப்புவேன் என்று பிடிவாதமாக நின்று ஒளிபரப்பவும் செய்தார். ஸ்பான்சருக்கும் மேலாளருக்கும் வளையாத ஆள் வேண்டும் என்றால் இவரைவிடப் பொருத்தமானவர் அந்த வருஷம் கிடைத்திருக்கமாட்டார்.

இங்கே ஒரு எச்சரிக்கை. இந்த நிகழ்ச்சி பற்றிப் புழங்கும் சுவையான கதைகளில் பெரும்பகுதி பைண்டரே பல பேட்டிகளில் சொன்னவை. பார்க்கரின் தரப்பு அந்த அளவுக்குப் பதிவாகவில்லை. எனவே யார் யாரிடம் என்ன சொன்னார்கள் என்பதைவிட, ஒலிநாடாவிலும் ஒளிநாடாவிலும் இருப்பதை நம்புவது நல்லது.

திட்டம் போட்டபடி

எழுத்தாளர்கள் கிறிஸ் பியர்டும் ஆலன் பிளையும் காட்சிகளைக் கோக்க ஒரு கதைச் சரடு போட்டார்கள். கிட்டாரோடு ஊரைவிட்டுக் கிளம்பும் ஒருவன், வழியில் கண்காட்சி, இரவு விடுதி என்று சுற்றிக் கடைசியில் மீண்டும் சாலைக்கே வருகிறான். ஜெர்ரி ரீட் எழுதிய 'கிட்டார் மேன்' பாட்டு அந்தச் சரடின் முடிச்சு. இடையிடையே ஒரு தேவாலயப் பாட்டுத் தொகுப்பு, ரசிகர்கள் முன் ஒரு மேடைப் பகுதி. தொடக்கத்தில் சிவப்புப் பின்னணியில் கிட்டாரோடு வரிசை வரிசையாக நிழலுருவங்கள்.

இத்தகைய நடனக் காட்சிகளுக்கு அக்காலத்து வழக்கப்படி முதலில் ஒலிப்பதிவு, பிறகு படப்பதிவு. ஜூன் 20 முதல் 23 வரை ஹாலிவுட்டின் வெஸ்டர்ன் ரெக்கார்டர்ஸில் ஆர்க்கெஸ்ட்ராவும் கோரஸும் பதிவாயின. ஹால் பிளேன், டாமி டெடெஸ்கோ, லாரி நெக்டல் போன்ற லாஸ் ஏஞ்சலஸ் ஸ்டுடியோக் கலைஞர்களும், டார்லீன் லவ் இருந்த பிளாஸம்ஸ் பெண்கள் குழுவும் இதில் உண்டு. இசைப் பொறுப்பு பில்லி கோல்டன்பெர்க். ஒலித் தரப்பில் போன்ஸ் ஹவ். எல்விஸின் பழைய பதிவுகளில் இன்ஜினியராக உட்கார்ந்தவர் என்பதால் அவர் குரல் எப்படி இருக்க வேண்டும் என்பது ஹவுக்கு முன்பே தெரியும்.

முன்பதிவு முறையின் லாபம் வெளிப்படை. நடனக்காரர் ஆடும்போது மைக் தெரியாது, ஒரே காட்சியைப் பத்துத் தடவை எடுத்தாலும் தாளம் ஒன்றேதான், ஒவ்வொரு டேக்குக்கும் ஆர்க்கெஸ்ட்ராவை உட்காரவைத்துக் கூலி கொடுக்க வேண்டாம். நஷ்டமும் அங்கேயே இருக்கிறது. பாடுபவர் நான்கு நாள் முன்பு தாம் பாடியதற்கு இன்று வாயசைக்க வேண்டும். மூச்சு வாங்கும் இடம் மாறினால் தெரிந்துவிடும். வரியை இழுத்துப் பாடத் தோன்றினாலும் முடியாது. ஏழு வருஷம் சினிமாவில் எல்விஸ் செய்துகொண்டிருந்தது இதைத்தான். கண்காட்சிக் காட்சிகளை இன்று பார்த்தால் நன்றாகத்தான் இருக்கின்றன, ஆனால் எல்விஸ் படத்தில் வரும் காட்சி மாதிரியே இருக்கின்றன. நிகழ்ச்சி இதோடு நின்றிருந்தால் 1968இன் பத்து ஸ்பெஷல்களில் ஒன்றாகக் கரைந்துபோயிருக்கும்.

ஒப்பனை அறை

பர்பேங்க் ஒத்திகை நாட்களில் எல்விஸ் இரவிலும் ஸ்டுடியோவின் ஒப்பனை அறையிலேயே தங்கினார். வேலை முடிந்ததும் சார்லி ஹாட்ஜ் மாதிரி நண்பர்களோடு உட்கார்ந்து கிட்டாரை எடுத்துக்கொண்டு பழைய ப்ளூஸ் பாட்டு, பாதிப் பாட்டு, கேலி, சிரிப்பு என்று மணிக்கணக்கில் போகும். பைண்டர் கதவருகே நின்று கேட்டார். கேமராவை உள்ளே கொண்டுவரலாமா என்றார். பார்க்கர் மறுத்தார். கடைசியில் அதை மேடையில் அப்படியே திரும்பச் செய்யலாம் என்று உடன்பாடு ஆனது. ஜூன் 24, 25 தேதிகளில் அந்த அறையில் செய்த ஒத்திகைகள் ஒலிநாடாவில் இருக்கின்றன, பின்னாளில் வெளியாகியும் உள்ளன. அவற்றைக் கேட்டால் மேடைப் பகுதியின் வரைவு எந்த அளவு அங்கேயே தயாராகிவிட்டது என்பது தெரியும்.

1950களின் வாத்தியக்காரர்களை அழைத்தார்கள்: கிட்டாருக்கு ஸ்காட்டி மூர், டிரம்ஸுக்கு டி.ஜே. ஃபான்டானா. பாஸ் வாசித்த பில் பிளாக் 1965இலேயே காலமாகிவிட்டார். அவர் இடத்தில் வேறு யாரையும் வைக்கவில்லை. சார்லி ஹாட்ஜ், ஆலன் ஃபோர்டாஸ் இருவரும் மேடையில், லான்ஸ் லெகால்ட் மேடை ஓரத்தில் தம்புரினோடு.

ஒலிக்காரர் கண்ணால் இந்த அமைப்பைப் பாருங்கள். டிரம்ஸ் கிடையாது, எனவே டிரம்ஸோடு வரும் சிம்பல் தட்டுகளின் ஓசை பாடுபவரின் மைக்குக்குள் வழியாது. பாஸ் கிடையாது, எனவே அடித்தளத்தில் மொத்தமாக எதுவும் உறுமாது. ஐந்தாறு பேரும் கைக்கெட்டும் தூரத்தில் உட்கார்ந்திருப்பதால் ஒருவர் மற்றவரை நேரடியாகவே கேட்கலாம். அந்தக் காலத்து டிவி ஸ்டுடியோவில் பாடகர் தன் குரலைத் தானே கேட்க ஒழுங்கான ஏற்பாடு கிடையாது. பெரிய வாத்தியக் குழு முன் நின்றால் கத்தித்தான் பாட வேண்டும். இங்கே கத்தத் தேவையே இல்லை. முணுமுணுப்பும் பதிவானது, அலறலும் பதிவானது. எல்விஸ் குரலின் இரு எல்லைகளும் ஒரே பாட்டில் கேட்பது இந்தப் பகுதியில்தான். கிட்டார் பெட்டி தட்டல் மலிவான தந்திரமாகத் தோன்றும். உண்மையில் மிக்ஸிங்குக்கு அதைவிட நல்ல டிரம்ஸ் அன்று கிடைத்திருக்காது.

இன்னொரு சின்ன விஷயம். எல்விஸ் கொஞ்ச நேரத்தில் ஸ்காட்டியின் எலக்ட்ரிக் கிட்டாரை, அந்தப் பெரிய உடல் கொண்ட கிப்சன் சூப்பர் 400ஐ, வாங்கிக்கொண்டு தன் அக்கூஸ்டிக்கை அவரிடம் கொடுத்துவிட்டார். அதன்பின் தாளத்தை இழுத்துக்கொண்டு போவது எல்விஸின் வலதுகைதான். சினிமாவில் கிட்டாரை அலங்காரமாகத் தொங்கவிட்டுக்கொண்டிருந்தவர் இங்கே குழுவின் மொத்தத் தாளத்தையும் ஏற்றுக்கொள்கிறார். தேர்ச்சியான வாசிப்பு என்று சொல்ல முடியாது. ஆனால் உதைக்கிறது.

மேடை, கேமரா, உடை

சதுர மேடையின் நாலு பக்கமும் ஆள் உட்கார்ந்தால் இயக்குநருக்கு இரண்டு விஷயம் கிடைக்கும். எந்தப் பக்கம் கேமரா வைத்தாலும் பின்னணியில் முகங்கள் இருக்கும், திரைச்சீலை தேவையில்லை. பாடுபவருக்கு 'முன்பக்கம்' என்று ஒன்று கிடையாது, ஆகவே ஒரே கேமராவுக்காக நடிக்க முடியாது. கஷ்டமும் உண்டு: எதிர்க் கேமரா சட்டகத்துக்குள் வந்துவிடும், விளக்குகள் எல்லாத் திசையிலிருந்தும் அடிக்க வேண்டும், வெப்பம் அப்படியே நடுவில் இறங்கும்.

அந்த வெப்பத்தில்தான் கறுப்புத் தோல் உடை. பில் பெலூ வடிவமைத்தது. ஜீன்ஸ் துணி ஜாக்கெட்டின் வெட்டை எடுத்துத் தோலில் தைத்து, கழுத்துப் பட்டையை உயர்த்தி வைத்தார். தோல் வியர்வையை உறிஞ்சாது, உள்ளேயே தேங்கும். இரண்டாவது பாட்டுக்குள் முகம் பளபளக்கத் தொடங்குவதைத் திரையிலேயே பார்க்கலாம். வேறு எந்த நிகழ்ச்சியானாலும் ஒப்பனைக்காரர் ஓடி வந்திருப்பார், இங்கே துடைக்காமல் விட்டார்கள். உட்கார்ந்து பாடும் பகுதிக்கும் ஜூன் 29இல் நின்று பாடிய பகுதிக்கும் ஒரே உடை என்பதும் எதேச்சையல்ல. அதனால்தான் எடிட்டிங்கில் இரண்டு நாளையும் கலந்து ஒரே இரவு போலக் காட்ட முடிந்தது.

மேடை ஏறும் முன் நடந்த தவறுகள்

முதலாவது, ரசிகர்கள். நுழைவுச் சீட்டுகளைத் தானே விநியோகிப்பதாகப் பார்க்கர் வாங்கிக்கொண்டார் என்றும், பதிவு நாளன்று வாசலில் சொற்பக் கூட்டமே இருந்தது என்றும் பைண்டர் சொல்வார். வானொலியில் அறிவித்தும், பக்கத்திலிருந்த உணவகத்தில் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்களை அழைத்தும் ஸ்டுடியோவை நிரப்பினார்களாம். நேரடிக் கூட்டத்தின் சத்தத்தை நம்பி எடுக்கும் நிகழ்ச்சியில் சீட்டு விநியோகத்தைத் தயாரிப்புக் குழு கைவிடவே கூடாது. கூட்டம் குறைந்தால் காலி இருக்கை மட்டுமல்ல, ஒலியும் காலியாகிவிடும்.

இரண்டாவது, பாடகர். முதல் காட்சிக்குச் சற்று முன் எல்விஸ் மேடைக்குப் போக முடியாது என்றார், பேசவும் பாடவும் எதுவும் நினைவில்லை என்றார். ஏழு வருஷ இடைவெளிக்கு அது இயல்புதான். எழுத்தாளர்கள் பேச வேண்டிய விஷயங்களைத் தாளில் எழுதிக் கொடுத்திருந்தார்கள். மேடையில் அந்தத் தாளை எடுத்து எல்விஸ் வாய்விட்டுப் படித்துக் கிண்டல் செய்தார். பயத்தை மறைக்கக் கொடுத்த கருவியே நகைச்சுவை ஆனது. 1956இல் ஃபுளோரிடாவில் போலீஸ் அவர் ஆட்டத்தைப் படம் பிடிக்க வந்தபோது விரலை மட்டும் அசைத்த கதையைச் சொல்லி, அந்த விரலை அசைத்தும் காட்டினார். மேலுதடு தானாகக் கோணியபோது, இப்படியே 29 படம் செய்தேன் என்றார். எழுதிக் கொடுத்திருந்தால் இது இவ்வளவு எடுபட்டிருக்காது.

மூன்றாவது, தோள்வார். ஒரு பாட்டுக்கு எழுந்து நிற்க ஆசைப்பட்டார், ஆனால் கிட்டாருக்கு வார் மாட்டவில்லை. மைக்கும் உட்கார்ந்தவர் உயரத்துக்குத்தான் இருந்தது. ஒரு காலை நாற்காலியில் ஊன்றி, தொடையில் கிட்டாரைத் தாங்கிக்கொண்டு பாடினார், ஹாட்ஜ் மைக்கைத் தூக்கிப் பிடித்தார். ஒழுங்காகத் திட்டமிட்ட நிகழ்ச்சி என்றால் 'நிறுத்துங்கள், வார் கொண்டுவாருங்கள்' என்றிருப்பார்கள். நிறுத்தாமல் விட்டதுதான் பைண்டர் அன்று செய்த மிகச் சரியான வேலை என்பது எங்கள் கருத்து.

ஜூன் 27இல் 6 மணிக்கும் 8 மணிக்கும் இரண்டு முறை, ஜூன் 29இல் அதே நேரங்களில் நின்று பாடும் காட்சி இரண்டு முறை. எல்லாம் முழுதாகப் பதிவாயின. இரண்டு தடவை எடுப்பது ஆடம்பரம் அல்ல. முதல் காட்சியில் பதற்றமும் புதுமையும் இருக்கும், இரண்டாவதில் கை பழகியிருக்கும், தவறியது திரும்பக் கிடைக்கும்.

கடைசிப் பாட்டு

பார்க்கர் முடிவில் கிறிஸ்மஸ் பாட்டு வேண்டும் என்றார். ஆனால் அந்த வருஷம் ஏப்ரல் 4 அன்று மார்ட்டின் லூதர் கிங் கொல்லப்பட்டது எல்விஸ் வாழ்ந்த மெம்பிஸ் நகரத்திலேயே. இவர்கள் ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்த ஜூன் முதல் வாரத்தில் அதே லாஸ் ஏஞ்சலஸில், ஜனாதிபதி வேட்பாளராகப் பிரசாரம் செய்துகொண்டிருந்த ராபர்ட் கென்னடி சுடப்பட்டு இறந்தார். கோரஸ் அமைப்பாளர் ஏர்ல் பிரவுன் இரவோடு இரவாக ஒரு பாட்டு எழுதிக் கொண்டுவந்தார்: 'இஃப் ஐ கேன் ட்ரீம்'. பியானோவில் வாசித்துக் காட்டச் சொல்லித் திரும்பத் திரும்பக் கேட்ட எல்விஸ், செய்கிறேன் என்றார். பார்க்கரின் ஆட்சேபம் அதோடு முடிந்தது. ஜூன் 23இல் ஒலிப்பதிவு. ஜூன் 30இல் வெள்ளை உடையில், பின்னால் பெயர் சிவப்பு விளக்குகளில் எரிய, முன்பதிவான பின்னணிக்கு மேல் குரலை மட்டும் நேரடியாகப் பாடினார். முன்பதிவின் வசதியும் நேரடிக் குரலின் சூடும் ஒன்று சேர்ந்த வழி இது. இன்றைக்கும் டிவி இசை நிகழ்ச்சிகளில் இதுதான் நல்ல சமரசம்.

வெட்டு

பைண்டரின் முதல் தொகுப்பு 90 நிமிடம். என்பிசி கொடுத்தது விளம்பரங்களோடு சேர்த்து 60. அன்றைய வீடியோ இரண்டு அங்குல அகல நாடாவில், விநாடிக்கு 15 அங்குல வேகத்தில் ஓடியது. நாடாவையே பிளேடால் வெட்டி ஒட்டினால் ஒரு சிக்கல்: ஒலி படிக்கும் தலை, படம் படிக்கும் தலையிலிருந்து 9 அங்குலத்துக்கு மேல் தள்ளி இருக்கும். ஒரே இடத்தில் வெட்டினால் படமும் சத்தமும் அரை விநாடிக்கு மேல் பிசகும். அதனால் பாட்டின் நடுவே வெட்டுவதைவிடக் கைதட்டலில், அமைதியில், சிரிப்பில் வெட்டுவது பாதுகாப்பு. இல்லையென்றால் ஒலியைத் தனியாக எடுத்துத் திரும்பச் சேர்க்க வேண்டும். மின்னணு முறையில் தொகுக்கும் வசதியும் அப்போது வந்திருந்தது, ஆனால் இன்று மாதிரி விரல்நுனி வேலை அல்ல. நாலு காட்சிகளிலிருந்து பொறுக்கி ஒரே மேடை மாதிரி காட்டியதன் உழைப்பை இந்தக் கணக்கோடு பார்க்க வேண்டும்.

வெட்டில் போனவற்றுள் பெரியது, கதை நாயகன் ஒரு விலைமாதர் விடுதிக்குள் நுழையும் நடனக் காட்சி. ஸ்பான்சர் தரப்பு நெளிந்தது, 1968 ஒளிபரப்பில் அது இல்லை. பார்க்கருக்காகக் கிறிஸ்மஸ் ஒன்று உள்ளே வந்தது: உட்கார்ந்து பாடிய பகுதியிலிருந்து 'ப்ளூ கிறிஸ்மஸ்'.

விளைவு

டிசம்பர் 3, செவ்வாய் இரவு 9 மணிக்கு ஒளிபரப்பு. அந்நேரம் டிவி பார்த்துக்கொண்டிருந்தவர்களில் 42 சதவீதம் இதையே பார்த்தார்கள். 'இஃப் ஐ கேன் ட்ரீம்' பில்போர்டில் 12ஆம் இடம், நிகழ்ச்சியின் இசைத்தட்டு 8ஆம் இடம். முன்பு சொன்ன 82ஓடு ஒப்பிட்டுக்கொள்ளுங்கள்.

அதைவிட முக்கியம் அடுத்த மாதம். 1969 ஜனவரியில் மெம்பிஸின் அமெரிக்கன் சவுண்ட் ஸ்டுடியோவுக்குப் போய்த் தயாரிப்பாளர் சிப்ஸ் மோமனோடு உட்கார்ந்தார். 'இன் த கெட்டோ' 3ஆம் இடம், 'சஸ்பிஷஸ் மைண்ட்ஸ்' முதலிடம். ஜூலை 31 முதல் லாஸ் வேகஸின் இன்டர்நேஷனல் ஹோட்டலில் நாலு வாரத்தில் 57 காட்சிகள். பின்னாளில் அதே ஹோட்டல் மேடை அவருக்கு இன்னொரு சினிமா ஒப்பந்தம் மாதிரி ஆகிவிட்டது, அது தனிக் கதை.

1969 ஆகஸ்டில் என்பிசி நிகழ்ச்சியை மறு ஒளிபரப்பு செய்தது. கோடையில் கிறிஸ்மஸ் பாட்டு எதற்கு என்று 'ப்ளூ கிறிஸ்மஸ்' எடுக்கப்பட்டது. அந்த இடத்தில் அதே கிட்டார் பெட்டி மேடையிலிருந்து 'டைகர் மேன்' போட்டார்கள். ஜூன் 27இன் முதல் காட்சி முழுதாக, வெட்டில்லாமல் டிவியில் வந்தது 1985 ஜனவரியில், எச்பிஓ என்ற கட்டணச் சேனலில். எல்விஸ் இறந்து ஏழு வருஷம் கடந்திருந்தது.